உடைவது உறைந்த இடத்தில் அல்ல

2021 பிப்ரவரி 16ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்து வெப்பமானி மைனஸ் 19 டிகிரி செல்சியஸைக் காட்டியது. டெக்சாஸ் மாநிலத்தில் அந்த வாரம் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் போனது. குளிர் தாங்காமலும், சூட்டுக்காகக் காரை ஓடவிட்டு அதன் புகையில் மூச்சடைத்தும், இன்னும் பல வழிகளிலும் இறந்தவர்கள் 246 பேர் என்று அம்மாநிலச் சுகாதாரத் துறை பிறகு கணக்குச் சொன்னது. அந்தக் குளிரிலேயே எத்தனையோ வீடுகளின் தண்ணீர்க் குழாய்கள் வெடித்துவிட்டன. ஆனால் பல வீட்டுக்காரர்களுக்கு அது அப்போது தெரியவில்லை. ஓரிரு நாள் கழித்து வெயில் வந்தது, கரண்ட் வந்தது, வீடு சூடேறியது. அதன் பிறகுதான் கூரைப் பலகை ஊறிப்போய்ப் படுக்கையின் மேல் பெயர்ந்து விழுந்தது. வெடிப்பை அதுவரை அடைத்துக்கொண்டிருந்ததே பனிக்கட்டிதான்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்ப் பக்கத்தில், செய்யாற்றை ஒட்டியிருக்கும் காவாந்தண்டலத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் டாலஸிலும் ஹூஸ்டனிலும் டொரன்டோவிலும் வீடு வாங்கியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அப்பா அம்மாக்கள் ஆறு மாத விசாவில் போய்வருகிறார்கள். மார்கழி விடியலில் 18, 19 டிகிரிக்கே துண்டை எடுத்துக் காதை மூடிக்கொள்ளும் ஊர் இது. இங்கிருந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்க் குழாய் என்றால் வெயிலில் காய்ந்து வெளுக்கும் பி.வி.சி. பைப்புதான். அது குளிரில் வெடிக்கும் என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

டெக்சாஸ் குளிர் அடித்த அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வந்த படங்களை எங்கள் ஊரில் பிளம்பர் வேலை பார்க்கும் அண்ணனிடம் காட்டினேன். பரண் மாதிரி ஓர் இடத்தில் மரச்சட்டங்களுக்கு நடுவே செம்புக் குழாய் பிளந்து கிடந்தது. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "மேல டேங்கே இல்லேன்ற. அப்புறம் இன்னாத்துக்குப்பா பைப்பைப் பரண் வழியா இஸ்துனு போயிருக்கான்?"

சரியான இடத்தில் வைத்த கேள்வி அது. டெக்சாஸில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. தரையில் கான்கிரீட் பலகை போட்டு அதன்மேல் மரச்சட்ட வீட்டை எழுப்பிவிடுவார்கள். கான்கிரீட்டுக்கு அடியில் குழாய் பதித்தால் பழுது வரும்போது தரையைக் கொத்த வேண்டும். அதனால் பல வீடுகளில் தண்ணீர்க் குழாயைச் சுவர் வழியே மேலே ஏற்றி, கூரைக்கு அடியில் உள்ள பரண் வெளியில் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் கீழே இறக்குகிறார்கள். கோடையில் 40 டிகிரி தொடும் மாநிலத்தில் இதனால் ஒரு குறையும் இல்லை. குளிர் வந்தால்தான் வம்பு.

குளிர்நாட்டு வீடு என்றாலே முழுவதும் கதகதப்பாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த வீட்டுக்குள் ஒரு எல்லைக்கோடு ஓடுகிறது. ஆட்கள் புழங்கும் அறைகளுக்கு மட்டும் சூடேற்றும் உலையிலிருந்து சூடான காற்று போகும். அந்த அறைகளைச் சுற்றிச் சுவருக்குள்ளும் கூரைப் பலகையின் மேலும் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருப்பார்கள். பஞ்சுக்கு உள்ளே இருப்பது சூடேற்றிய பகுதி. கூரைக்கு அடியில் உள்ள பரண், கார் நிறுத்தும் கராஜ், சில பழைய வீடுகளில் தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகும் இடைவெளி, வெளிச்சுவரின் உள்பொந்து ஆகியவை பஞ்சுக்கு வெளியே நிற்கின்றன. அங்கே ஏறத்தாழ வெளிக்காற்றின் குளிர்தான் இருக்கும். குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. டொரன்டோவில் பல ஆண்டுகளில் மைனஸ் 20 வரை போனாலும் பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் ஆவதில்லை. டாலஸில் ஒரே வாரத்தில் வீடு வீடாக வெடித்ததற்குக் காரணம் குளிரின் அளவு மட்டும் இல்லை. கட்டியவர்கள் குழாயைக் கோட்டுக்கு வெளியே விட்டிருந்தார்கள்.

இனி குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 150 மில்லி தண்ணீர்தான் இருக்கும். ஒரு கிலோ தண்ணீர் 20 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் குளிர 84 கிலோஜூல் வெப்பத்தை இழக்க வேண்டும். பூஜ்யத்துக்கு வந்த பிறகு, அதே பூஜ்யத்தில் நின்றபடி, கட்டியாக மாற இன்னும் 334 கிலோஜூல் இழக்க வேண்டும். குளிர்வதைப்போல நான்கு மடங்கு. அதனால்தான் ஒரே ஓர் இரவுக் குளிரில் குழாய் முழுக்க உறைவது அரிது. நீலகிரியில் அவலாஞ்சியிலும் தலைக்குந்தாவிலும் ஜனவரி விடியலில் புல்லெல்லாம் வெள்ளை பூத்திருக்கும்போதும் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவது இதனால்தான். மெல்லிய புல்லிதழ் தெளிந்த வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை உமிழ்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடாது. அதற்குள் விடிந்துவிடும். டாலஸில் அப்படி விடியவில்லை. ஐந்து நாளுக்கும் மேலாக வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டவே இல்லை.

இதில் இன்னொரு விநோதமும் இருக்கிறது. பூஜ்யம் வந்ததும் தண்ணீர் உறைந்துவிடுவதில்லை. அசையாமல் கிடக்கும் தண்ணீரில் முதல் பனித்துணுக்கு உருவாக ஏதாவது ஒரு பிடிப்பு வேண்டும். அது கிடைக்கும் வரை மைனஸ் 4, மைனஸ் 5 டிகிரி வரைகூடத் திரவமாகவே கிடக்கும். எங்கோ ஒரு துணுக்கு தோன்றிவிட்டால், கிளைகிளையான மெல்லிய பனித்தகடுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் குழாய் நெடுகப் பாய்ந்துவிடும். மைனஸ் 5 வரை போயிருந்த தண்ணீரில் அந்த ஒரு நொடியில் கட்டியாவது ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குதான். அதன் பிறகு வெப்பநிலை மறுபடி பூஜ்யத்துக்கு ஏறிவிடும். கட்டியானது கொஞ்சம்தான் என்றாலும் அந்தத் தகடுகள் குழாயின் குறுக்கே பின்னிக்கொண்டால் ஓட்டம் நின்றுபோகும். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆர். ஆர். கில்பின் 1970களில் இதைத் தண்ணீர்க் குழாய்களில் சோதித்துப் படிப்படியாகப் பார்த்து எழுதினார்.

வெந்நீர்க் குழாய்தான் முதலில் வெடிக்கும் என்று குளிர்நாட்டுப் பிளம்பர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். கேட்கும்போது முரணாகத்தான் இருக்கிறது. 1916இல் எஃப். சி. பிரவுன் என்ற இயற்பியலாளர் இதையே ஓர் ஆய்வுக்கட்டுரையாக்கினார். காய்ச்சிய தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது. அப்படிப்பட்ட தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே அதிக தூரம் திரவமாகவே போய்விடுகிறது, பிறகு ஒரேயடியாகப் பின்னிக்கொள்கிறது. அடைப்பும் கெட்டியாக விழுகிறது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குளிர்நீர்க் குழாயைக் காப்பாற்றிவிட்டு வெந்நீர்க் குழாய் சூடாகத்தானே இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

அடுத்ததுதான் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம். தண்ணீர் கட்டியாகும்போது 9 சதவீதம் பெருக்கிறது, அதனால் குழாயை உள்ளிருந்து பிளக்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பெருப்பது உண்மை. ஆனால் ஒரு பக்கம் வழி திறந்திருக்கும் குழாயில், வளரும் கட்டி தண்ணீரை அந்த வழியே தள்ளிவிடும். சுவரை முட்டிப் பிளக்க வேண்டிய தேவையே வராது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வு மையம் 1990களில் சூடேற்றாத பரணில் குழாய்களை வைத்துச் சோதனை செய்தது. குழாயின் நடுவில் முழு அடைப்பாகப் பனி உருவாகிறது. அடைப்புக்கும் தெருக் குழாய்க்கும் இடையே இருக்கும் தண்ணீர் தெருப்பக்கமே பின்வாங்கிவிடும், ஆபத்து இல்லை. அடைப்புக்கும் மூடிய தண்ணீர்க்குழாய்த் திருகுக்கும் இடையே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குத்தான் போக்கிடம் இல்லை. கட்டி ஒவ்வொரு மில்லிமீட்டர் வளரும்போதும் அந்தத் தண்ணீர் அழுத்தப்படுகிறது. தண்ணீரோ அழுத்தினால் சுருங்காத பொருள். அழுத்தம் எகிறுகிறது. கடைசியில் எங்கே பலவீனமோ அங்கே, பல நேரங்களில் உறையாத தண்ணீர் இருக்கும் பகுதியிலேயே, குழாய் கிழிகிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு என்பதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மாடியில் இருபது அடி உயரத்தில் சின்டெக்ஸ் டேங்க் வைத்தால் கீழே குழாயில் கிடைப்பது 0.6 வளிமண்டல அழுத்தம். அமெரிக்க வீடுகளில் தெருக்குழாயிலிருந்து வருவது மூன்று நான்கு வளிமண்டலம் இருக்கும். அடைபட்ட தண்ணீர் உறைய முயலும்போது, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் சுமார் 130 வளிமண்டலம் வரை அழுத்தம் ஏற முடியும். மைனஸ் 3 டிகிரிக்கே 400. அரை அங்குலச் செம்புக் குழாய் அந்த அளவில் தாக்குப்பிடிக்காது. அது கிழிவதைப் பக்கத்தில் பார்த்தால் காரணம் புரியும். முதலில் ஓரிடத்தில் செம்பு உப்பும். உப்பிய இடத்தில் உலோகம் மெலிந்து, குழாயின் நீளவாக்கில் ஓரிரு அங்குலத்துக்குப் பிளந்து, இரண்டு உதடுகளும் வெளிப்பக்கம் மடங்கி நிற்கும். முதல் முறையிலேயே வெடிக்க வேண்டும் என்பதில்லை. சில குளிர்காலம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி, பிறகு ஒரு நாள் விட்டுப்போகும். சி.பி.வி.சி. குழாய் உப்பாது, நேராக விரியும். இப்போது அதிகம் போடும் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் ஓரளவு நீண்டு கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பும். அதிலும் இணைப்புத் துண்டுகள் உடைவதுண்டு.

இந்த விசையைக் கண்ணால் காட்டியவர் கியூபெக்கில் இருந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படை மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ். 1784-85 குளிர்காலத்தில் இரும்பு வெடிகுண்டுக் கூடுகளில் தண்ணீரை நிரப்பி, வாயை இரும்பு முளையால் அடித்து அடைத்து, வெளியே பனியில் வைத்தார். தண்ணீர் உறைந்தபோது சில கூடுகளில் அந்த முளை நானூறு அடிக்கு மேல் பறந்து விழுந்தது. முளை இறுகப் பிடித்துக்கொண்ட கூடுகள் நடுவில் பிளந்து, பிளவின் வழியே பனிக்கட்டி தகடாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வழி கிடைத்த இடத்தில் முளை போனது, கிடைக்காத இடத்தில் இரும்பு போனது. வீட்டுக் குழாயிலும் நடப்பது இதுவே.

அதனால்தான் கடுங்குளிர் இரவில் தண்ணீர்த் திருகை லேசாகத் திறந்து சொட்டவிடச் சொல்கிறார்கள். ஓடும் தண்ணீர் உறையாது என்பதற்காகச் சொல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். தெருவிலிருந்து வரும் புதுத் தண்ணீர் கொஞ்சம் வெப்பத்தைக் கொண்டுவரும், அதில் பலன் உண்டு. ஆனால் நூலிழையாகச் சொட்டும் தண்ணீர் கடுங்குளிரில் உறையவும் கூடும். அப்போதும் அடைப்புக்கும் திருகுக்கும் இடையே இருப்பது வெளியே வழிந்துவிடும், அழுத்தம் ஏறாது, குழாய் கிழியாது. சொட்டு நின்றுபோனால் உடனே திருகை மூடிவிடக் கூடாது என்பதும் இதனால்தான். எந்தத் திருகைத் திறப்பது என்பதும் முக்கியம். குழாய் பரணிலோ வெளிச்சுவரிலோ ஓடி எங்கே போய் முடிகிறதோ, அந்தக் கடைசித் திருகை, குளிர்நீர் வெந்நீர் இரண்டையும், திறக்க வேண்டும். வாசலுக்குப் பக்கத்துத் திருகைச் சொட்டவிட்டுவிட்டுப் பரண் குழாய் பிழைக்கும் என்று நம்பிப் பயனில்லை.

எவ்வளவு குளிரில் இதையெல்லாம் செய்யத் தொடங்குவது? இல்லினாய்ச் சோதனையில் கிடைத்த எல்லை வெளியே மைனஸ் 7 டிகிரி செல்சியஸ். பஞ்சு சுற்றாத குழாய் சூடேற்றாத பரணில் கிடந்தால் அந்தக் குளிரில்தான் உறையத் தொடங்கியது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பிளம்பர்களிடம் கேட்டபோதும் ஏறத்தாழ அந்த அளவில்தான் அழைப்புகள் வருவதாகச் சொன்னார்கள். மேலே சொன்ன மைனஸ் 4, 5 வரை திரவமாகவே நிற்கும் குணமும், பரணுக்குக் கீழே இருந்து கசியும் கொஞ்சம் சூடும் சேர்ந்து அந்த எல்லையைக் கீழே இறக்குகின்றன. காற்று வீசினால் மட்டும் கணக்கு மாறிவிடும். கேபிள் நுழையும் ஓட்டை, பலகை இடுக்கு, இப்படி ஒரு விரல் அளவு சந்து வழியே குளிர்காற்று நேராகக் குழாயில் பட்டால், மற்ற இடமெல்லாம் பத்திரமாக இருக்கும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் அடைப்பு விழும். முழு வீட்டுக்கும் பஞ்சு சுற்றச் செலவழிக்கும் முன் சந்துகளை அடைப்பதே மேல். அதற்கு ஒரு டியூப் சீலன்ட் போதும்.

பஞ்சைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குழாய்க்குச் சுற்றும் நுரைக்கவசம், போர்வையைப் போல, உள்ளே இருக்கும் சூட்டைப் பிடித்துவைக்குமே தவிரத் தானாகச் சூடு தராது. தூங்கும் குழந்தையின் மேல் போர்த்தினால் கதகதப்பு, திண்ணைமேல் போர்த்தினால் விடியும்போது திண்ணையும் குளிர், போர்வையும் குளிர். தண்ணீர் ஓடாமல் நான்கைந்து நாள் கிடக்கும் குழாயில் நுரைக்கவசம் உறைவதைத் தள்ளிப்போடும், தடுக்காது. பரணில் இருக்கும் குழாய்க்குச் சரியான வழி, கீழே அறையிலிருந்து கசியும் சூடு அதை எட்டும்படி செய்வதுதான். அதாவது குழாய் கூரைப் பலகையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், பஞ்சு அதன் மேலே விரிக்கப்பட வேண்டும். டெக்சாஸ் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதற்கு நேரெதிர். பலகையின் மேல் ஒரு முழம் பஞ்சு, அந்தப் பஞ்சுக்கு மேலே குளிர்ந்த பக்கத்தில் குழாய். வீட்டின் கரண்ட் செலவைக் குறைக்கப் போட்ட அதே பஞ்சு, குழாய்க்கு வர வேண்டிய கொஞ்சச் சூட்டையும் கீழேயே நிறுத்திவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்த வேலை இப்படி ஆகிவிடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. பஞ்சை எடுத்துக் குழாயின் மேல் போர்த்தியிருந்தால் பல வீடுகள் தப்பியிருக்கும்.

சமையலறைத் தொட்டி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் அதன் கீழ் அலமாரிக் கதவை இரவில் திறந்துவைக்கச் சொல்வதும் இதே காரணத்தால். மூடிய அலமாரிக்குள் அறைச்சூடு போகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் உள்ளே வைத்திருக்கும் பாத்திரம் துலக்கும் மருந்துகளை மட்டும் எடுத்து உயரத்தில் வைத்துவிட வேண்டும்.

குழாயை உள்ளே கொண்டுவர முடியாத இடங்களில் சூடேற்றும் கேபிளைச் சுற்றுகிறார்கள். இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் இருக்கும். குளிரும்போது பிளாஸ்டிக் சுருங்கி, கரித்துகள்கள் நெருங்கி, மின்னோட்டம் அதிகமாகிச் சூடேறும். சூடானதும் பிளாஸ்டிக் விரிந்து, துகள்கள் விலகி, மின்சாரம் தானே குறையும். அழகான ஏற்பாடு. ஆனால் டெக்சாஸில் கரண்ட் போன அந்த வாரத்தில் இது யாருக்கும் உதவியிருக்காது. கரண்ட் இல்லாத குளிரில் நிச்சயமான வழி ஒன்றுதான். தெரு வால்வை மூடி, மேல்மாடித் திருகையும் கீழ்த்தளத்தின் கடைசித் திருகையும் திறந்து, குழாயைக் காலியாக்கிவிடுவது. தண்ணீர் இல்லாத குழாய் எந்தக் குளிரிலும் வெடிக்காது.

மண்ணுக்கு அடியில் நடப்பது வேறு கதை, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. வெளியே ஏறி இறங்கும் சூடும் குளிரும் மண்ணுக்குள் அலையாக இறங்குகின்றன. பகல் இரவு அலை ஒரு சாண் ஆழம் போவதற்குள்ளேயே பெரும்பாலும் மடிந்துவிடும். ஆண்டு அலை இரண்டு மீட்டருக்கும் கீழே போகும், ஆனால் தாமதமாக. சாதாரண ஈரமண்ணில் ஒன்றேமுக்கால் மீட்டர் ஆழத்தை அடைய ஏறத்தாழ ஒன்றரை மாதம் எடுத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் ஓடும் குழாயைத் திறந்தால் கை சுடும் தண்ணீர் வருவதும், ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டால் அதே நேரத்தில் சில்லென்று வருவதும், மார்கழியில் அதே கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதும் காவாந்தண்டலத்தில் யாருக்கும் புதிதல்ல. ஆழத்து மண் ஆண்டு முழுக்க ஊரின் சராசரி வெப்பத்திலேயே நின்றுவிடுகிறது, மாறுவது நம் உடம்புதான். எங்கள் வீட்டுக் குழாயை ஓரடி மண்ணுக்குள் இறக்கினால் பகல் வெயிலின் தொல்லை தீரும். டொரன்டோவில் அதே கணக்கைப் போட்டுத்தான் நகராட்சிக் குழாய்களை ஒன்றேமுக்கால், இரண்டு மீட்டர் ஆழத்தில் பதிக்கிறார்கள்.

2015 பிப்ரவரி டொரன்டோவில் பதிவானதிலேயே மிகக் குளிர்ந்த பிப்ரவரி. மாதத்தின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே. அங்கே ஸ்கார்பரோவும் பக்கத்து மார்க்கமும் நம்மவர்கள் திரளாக வாழும் பகுதிகள். தண்ணீர் வரவில்லை என்று நகராட்சிக்கு ஆயிரக்கணக்கில் அழைப்புகள் போயின. மார்ச்சில் வெளியே பனி உருகிக்கொண்டிருக்கும்போதும் அழைப்பு நிற்கவில்லை. மேலே வெயில் அடிக்கிறது, கீழே பிப்ரவரியின் குளிர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் கார் பாதையின் அடியில் ஓடினால் ஆபத்து அதிகம். கொட்டிய பனியே மண்ணுக்கு நல்ல காப்பு. காருக்காக அதை வழித்துத் தள்ளிவிட்ட இடத்தில் மண் வெறுமையாகக் குளிரை வாங்கிக்கொள்கிறது.

நம் நாட்டிலேயே இந்தத் தொல்லை உள்ள ஊர்கள் உண்டு. ஸ்ரீநகரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் சில்லை கலான் என்ற கடுங்குளிர்க் காலம். 2024இல் அது தொடங்கிய இரவில் மைனஸ் 8.5 டிகிரி, ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தின் மிகக் குளிர்ந்த இரவு. காஷ்மீர் வீடுகளில் கனடாவைப்போல வீடு முழுக்கச் சூடேற்றும் வழக்கம் இல்லை. ஹமாம் அறை ஒன்று, புகாரி அடுப்பு ஒன்று, பெரன் என்ற நீள அங்கிக்குள் கையில் பிடித்திருக்கும் காங்கிரி கணப்பு. மற்ற அறைகளும் படிக்கட்டும் குளியலறையும் சூடேற்றாத பகுதிகள்தான். அதனால் காலையில் தெருவெங்கும் குழாய் அடியில் காகிதமும் வைக்கோலும் கொளுத்தி உறைந்த தண்ணீரை இளக்குபவர்களைப் பார்க்கலாம். வேறு வழி இல்லாமல் செய்கிறார்கள், அதில் உள்ள ஆபத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். லடாக்கின் லேயில் இன்னும் கடினம். ஜனவரி இரவுகள் மைனஸ் 15 வரை சாதாரணமாகப் போகும் அங்கே, குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்துபோய் லாரித் தண்ணீரை நம்பியிருந்த தெருக்கள் பல. குளிர்காலத் தண்ணீரைக் கூம்பாக உறையவைத்துச் சேமிக்கும் சோனம் வாங்சுக்கின் பனி ஸ்தூபிகளில்கூட வேலை செய்தவர்களை வாட்டியது ஸ்தூபி உருகுவதைவிடத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் நடுவழியில் உறைவதுதான். குழாயை ஆழத்தில் பதிப்பது, சரிவு கொடுத்து ஓட்டம் நிற்காமல் வைப்பது, ஓடாத நேரத்தில் முழுக்கக் காலியாகும்படி அமைப்பது என்ற மூன்றுக்குமேல் அங்கே வேறு மந்திரம் இல்லை.

உறைந்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் தெரு வால்வை மூட வேண்டும். குழாய் ஏற்கெனவே கிழிந்திருந்தால், இளகும் நொடியில்தான் வெள்ளம் வரும். மூன்று மில்லிமீட்டர் வெடிப்பு வழியே ஒரு நாளில் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொட்டிவிடும். பிறகு திருகைத் திறந்துவைத்துவிட்டு, திருகுப் பக்கத்திலிருந்து அடைப்பை நோக்கி மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். தலைமுடி உலர்த்தும் டிரையர், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு, இவை போதும். நடுவில் கடுஞ்சூடு காட்டினால் இரண்டு அடைப்புகளுக்கு இடையே மாட்டிய தண்ணீர் ஆவியாகிக் குழாய் வெடிக்கக்கூடும். நெருப்புச் சுடரைக் காட்டினால் அதோடு மரவீடும் பற்றிக்கொள்ளும். குளிர்நாட்டில் குழாயை இளக்கப்போய் வீட்டை எரித்தவர்கள் கதை ஆண்டுதோறும் வருகிறது.

டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் இன்னும் முக்கியம். மூன்று நான்கு வாரம் வீடு பூட்டிக் கிடக்கும், கவனிக்க ஆளிருக்காது. காசு மிச்சம் என்று வீட்டுச் சூட்டை முழுக்க அணைத்துவிட்டு வரக் கூடாது, 13 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். தோட்டத்துக் குழாயில் மாட்டியிருக்கும் ஹோஸை ஐப்பசியிலேயே கழற்றிவிட வேண்டும். உறையாத வகை வெளிக்குழாய் என்று வாங்கியிருந்தாலும், ஹோஸ் மாட்டியிருந்தால் உள்ளே தண்ணீர் தங்கிச் சுவருக்குள்ளே கிழியும். கிளம்பும் அன்று தெரு வால்வை மூடி, எல்லாத் திருகையும் திறந்து, கழிவறைத் தொட்டியையும் ஒருமுறை காலி செய்து, வெந்நீர்க் கொதிகலனை விடுமுறை நிலைக்குத் திருப்பிவிட்டு வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியோடு வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிட்டு வர வேண்டும். டெக்சாஸில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது வால்வைத் தேடி அலைந்தவர்கள் பலர். அந்த வாரம் பிளம்பர் கிடைக்காமல், வெளிமாநிலப் பிளம்பர்களும் வேலை செய்யலாம் என்று அரசு விதிகளையே தளர்த்த வேண்டியிருந்தது.

பொங்கல் முடிந்து திரும்பிப் போனதும், எல்லாத் திருகையும் மூடிவிட்டு வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். குழாய் நிரம்பும்வரை முள் சுற்றும், பிறகு நிற்க வேண்டும். நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் சுவருக்குப் பின்னால் எங்கோ கிழிந்திருக்கிறது. வால்வை மறுபடி மூடிவிட்டுப் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான்.